சுற்றி ஓடினால் போதாது, இடுப்பைப் பிடியுங்கள்

கேள்வி: வணக்கம் மாஸ்டர். எனக்கு 34 வயது, 68 கிலோ, ப்ளூ பெல்ட். கோவையில் ஐ.டி. வேலை. இரண்டு வருடம் கி (தடித்த துணியில் தைத்த பயிற்சி உடுப்பு) போட்டுத்தான் ஜியு-ஜிட்சு கற்றேன். வெயில் தாங்காமல் எங்கள் கிளப்பில் இப்போது பெரும்பாலும் அந்த உடுப்பு இல்லாத நோ-கி வகுப்புதான் நடக்கிறது. கி-யில் எதிராளியின் பேன்ட்டைப் பிடித்துக் கால்களைத் தள்ளிவிட்டுச் சுற்றி வந்து பாஸ் செய்வேன், அதாவது கால்களைக் கடந்து மேலே வருவேன். இப்போதும் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்துவிடுகிறேன், ஆனால் நெஞ்சை இறக்குவதற்குள் அவர்கள் திரும்பி முழங்காலை உள்ளே விட்டு, மறுபடி கார்டு (கீழிருந்து கால்களால் தடுக்கும் நிலை) போட்டுவிடுகிறார்கள். நெருங்கிப் போனால் 90 கிலோ நண்பர் ஒருவர் கிலட்டின் போட்டுக் கழுத்தை நெரிக்கிறார். எழுந்து நின்றால் இன்னொருவர் காலுக்கு அடியில் புகுந்து, குதிகாலைப் பிடித்துத் திருகும் ஹீல் ஹூக் தேடுகிறார். வீடியோ நிறையப் பார்க்கிறேன், தலை சுற்றுகிறது. நோ-கி-க்கு எந்தப் பாஸ் கற்றுக்கொள்வது? மூன்று மாதத்தில் வரும் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா?

பதில்: வணக்கம் தம்பி. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது "பக்கவாட்டில் வந்துவிடுகிறேன்" என்ற வரிதான். அப்படியென்றால் கால்களைத் தாண்டும் வேகமும் நேரக்கணக்கும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தாண்டிய பிறகு வரும் அந்த ஒரு விநாடியில்தான் எல்லாம் கைவிட்டுப் போகிறது. அதனால் புதிதாகப் பத்து பாஸ் கற்றுக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் மாற்றச் சொல்கிறேன்: தாண்டிவிட்டுப் பிடிக்கத் தேடாதீர்கள், பிடித்துவிட்டுத் தாண்டுங்கள்.

கி-யில் பேன்ட்டின் முழங்கால் துணியைப் பிடித்தீர்களே, அந்தப் பிடி இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. காலை ஒதுக்கித் தள்ளியது. நீங்கள் சுற்றி வந்து நெஞ்சை இறக்கும் வரை அந்தக் கால் திரும்பி வராமல் நிறுத்தியும் வைத்தது. நோ-கி-யில் முதல் வேலை நடக்கிறது, இரண்டாவது நடப்பதில்லை. இரண்டு ரவுண்டு ரோல் (பயிற்சி ஆட்டம்) ஆனபிறகு வியர்த்த கணுக்கால் என்பது ஈரக் கையில் பிடித்த விரால் மீன்தான், எவ்வளவு இறுக்கினாலும் நழுவும். அதோடு, நீங்கள் வட்டத்தின் ஓரத்தில் ஓடுகிறீர்கள், அவர் நடுவில் படுத்திருக்கிறார். நீங்கள் மூன்று அடி நகர்ந்தால் அவர் இடுப்பை ஒரு சாண் திருப்பினாலே போதும். இந்தப் பந்தயத்தில் அவரைவிட நன்றாக ஓடியும் நீங்கள் தோற்பீர்கள்.

போட்டி விதியைப் பாருங்கள். சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதியில் கார்டு பாஸுக்கு 3 புள்ளி. கால்களைத் தாண்டினால் மட்டும் அது கிடைக்காது, தாண்டி 3 விநாடி நிலைநிறுத்த வேண்டும். உங்கள் ரோல்களில் அந்த 3 விநாடிதான் காணாமல் போகிறது.

கீழே இருப்பவர் மறுபடி கார்டு போட வேண்டுமென்றால் அவருடைய இடுப்பு நகர வேண்டும், தோள் உங்கள் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டும் நடந்தால்தான் முழங்காலுக்கு உள்ளே வர இடம் கிடைக்கும். ஆகவே இடுப்பு, தோள் இரண்டில் ஒன்றையாவது கால்களைத் தாண்டுவதற்கு முன்பே நீங்கள் பிடித்திருக்க வேண்டும். துணி இல்லாத ஆட்டத்தில் அதற்கு நம்பகமான வழி பாடி லாக், அதாவது அவர் இடுப்பைச் சுற்றி இரண்டு கையையும் கோத்துப் பிடிப்பது. இன்றைய நோ-கி போட்டிகளில் இது இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம் எளிது: கை வழுக்கினாலும் உங்கள் இரண்டு கைகளும் ஒன்றையொன்றுதான் பிடித்திருக்கின்றன, அவரை அல்ல.

எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எதிராளி உட்கார்ந்த நிலையில், பட்டர்ஃபிளை ஹூக் போட்டு (இரண்டு பாதத்தையும் உங்கள் தொடைகளுக்கு உள்ளே கொக்கிபோல் வைத்து) உங்களை எதிர்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சோடு நெஞ்சு மோதப் போகாதீர்கள். பிரேசில் வீரர் மார்செலோ கார்சியா தன்னைவிடப் பெரிய ஆட்களையெல்லாம் தூக்கிப் புரட்டியது அந்த இடத்திலிருந்துதான். முதலில் அவரைச் சாய வையுங்கள். இரண்டு கையையும் அவர் முழங்கால்களில் வைத்துத் தள்ளுங்கள், அல்லது தோளில் ஒரு கை கொடுத்துத் தள்ளுங்கள். அவர் முதுகு தரையை நோக்கிப் போகும் அந்த நேரத்தில் நீங்களும் கூடவே இறங்கி, இரண்டு கையையும் அவர் அக்குளுக்குக் கீழே விட்டு முதுகுக்குப் பின்னால் கோத்துவிடுங்கள்.

கை கோக்கும் உயரத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். விலா எலும்பு உயரத்தில் கோத்தால் இடுப்புக்கு விடுதலை கிடைத்துவிடும், அவர் கீழே நெளிந்துகொண்டே இருப்பார். பெல்ட் கட்டும் உயரத்தில், இடுப்பு எலும்புக்கு மேலாக உங்கள் கைகள் இருக்க வேண்டும். உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துப் பிடியுங்கள், விரல்களைப் பின்னிக்கொள்ள வேண்டாம். அவர் எடை உங்கள் கைமேல் விழும்போது பின்னிய விரல் அடிபடும். முழங்கைகள் இரண்டும் அவர் இடுப்பின் பக்கவாட்டை நெருக்கட்டும். காது அவர் நெஞ்சில் ஒட்டியிருக்கட்டும், உச்சந்தலை தாடைக்குக் கீழே. உங்கள் இடுப்பு தாழ்வாக இருக்கட்டும். பின்புறம் மேலே தூக்கியிருந்தால் அவருடைய ஹூக் உங்களை அப்படியே உயர்த்திவிடும்.

இப்போது அவர் இடுப்பால் எதுவும் செய்ய முடியாது. அடுத்து அந்த ஹூக்குகள். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கப் பார்க்காதீர்கள். உங்கள் இடுப்பை ஒரு பக்கம் சற்றுத் திருப்பி, அவருடைய ஒரு பாதத்தை உங்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நெருக்கிப் பிடியுங்கள். அந்தக் கால் அத்தோடு முடிந்தது. மிச்சம் இருப்பது ஒரு கால்தான். உங்கள் வெளிக்காலைத் தூக்கி அவர் கெண்டைக்காலுக்கு மேலே தாண்டி வையுங்கள். பெரும்பாலும் நீங்கள் ஹாஃப் கார்டில் போய் நிற்பீர்கள், உங்கள் ஒரு கால் அவருடைய கால்களுக்கு நடுவில் மாட்டியிருக்கும்.

பலருக்கு இங்கே மனம் சோர்ந்துவிடுகிறது. ஐயோ, மாட்டிக்கொண்டோமே என்று காலை உருவப் பார்ப்பார்கள். வேண்டாம். கி ஆடிய பழக்கத்தில் ஹாஃப் கார்டைத் தடங்கலாக நினைத்திருப்பீர்கள். நோ-கி-யில் மேலே இருப்பவருக்கு அது வந்து சேர வேண்டிய இடம். அவருடைய கால்கள் இரண்டும் உங்கள் ஒரு காலைப் பிடித்துவைப்பதில் மும்முரமாக இருக்கின்றன, உங்கள் நெஞ்சு அவர் நெஞ்சுக்கு மேலே வந்துவிட்டது, அவர் முதுகு தரையில் இருக்கிறது. அமெரிக்க நோ-கி வீரர் கார்டன் ரயன் மேலிருந்து ஆடும் ஆட்டங்களைப் பார்த்திருந்தால் கவனித்திருப்பீர்கள், அவர் சுற்றி ஓடுவது குறைவு. நெஞ்சோடு ஒட்டி, எதிராளியை ஹாஃப் கார்டுக்குள் தள்ளி, அங்கே உட்கார்ந்து நிதானமாக வேலை பார்ப்பார். அவர் உடம்பு நமக்கில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வரிசை 68 கிலோ ஆளுக்கும் பொருந்தும், ஏனென்றால் அதில் வேகமோ பலமோ முதல் தேவை இல்லை.

ஹாஃப் கார்டில் வந்ததும் காலை மறந்துவிட்டுத் தலையையும் அக்குளையும் பாருங்கள். நீங்கள் இறங்கப்போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க அக்குளில் ஒரு கை அண்டர்ஹூக், அதாவது அக்குளுக்கு அடியில் கையை விட்டு அணைத்துப் பிடிப்பது. மற்றக் கை அவர் தலைக்கு அடியில் போய், உங்கள் தோள் அவர் தாடையை எதிர்ப்பக்கமாகத் திருப்பட்டும். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் வரை அவர் உடம்பை உங்கள் பக்கம் திருப்ப முடியாது. நீங்களே படுத்து முகத்தை ஒரு பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு மறுபக்கம் புரண்டு பாருங்கள், புரியும். இந்த இரண்டும் கிடைத்த பிறகு மாட்டிய காலுக்கு வாருங்கள். முதலில் முழங்காலை வெளியே எடுங்கள், பாதம் அப்புறம். முழங்கால் அவர் தொடைக்கு மேலே வழுக்கி அந்தப் பக்கம் தரையைத் தொட்டுவிட்டால் பாதத்தைக் கடைசி வரை பிடித்துவைக்க யாராலும் முடியாது. உங்கள் மற்றப் பாதத்தால் அவர் முழங்காலைக் கீழே தள்ளிக்கொடுத்தால் இன்னும் சுலபம்.

தாடையும் அக்குளும் கிடைக்கும் முன்பே முழங்காலை இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அவர் அண்டர்ஹூக் எடுத்து எழுந்து உங்கள் முதுகுக்குப் போய்விடுவார். அவர் முழங்காலைக் குறுக்கே வைத்து, நீ ஷீல்டு போட்டு உங்கள் நெஞ்சைத் தள்ளினால் அதன்மேல் நேராக அழுத்தாதீர்கள். இடுப்பை அவர் முழங்காலுக்குக் கீழே இறக்கி, இரண்டு முழங்காலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கம் சேர்த்து நசுக்குங்கள். அவர் கால் தளர்ந்து பழைய ஹாஃப் கார்டுக்கு வருவார்.

இனி உங்கள் 90 கிலோ நண்பர். கிலட்டின் உங்களுக்கு எப்போது விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அவரைச் சாய வைக்காமல், தலையைக் குனிந்துகொண்டு, கை கோக்கும் முன்பே உள்ளே போகும்போதுதான் விழும். கண் மேலே பார்க்கட்டும், முதுகு நேராக இருக்கட்டும், நெற்றி அவர் நெஞ்சுக்கு நடுவில் இருக்கட்டும். தலை அவர் அக்குள் பக்கம் சறுக்கினால்தான் கழுத்து கிடைக்கும். அப்படியும் பிடித்துவிட்டார் என்றால் பின்னால் இழுக்காதீர்கள், அது அவருக்கு உதவிதான். உங்கள் தலை அவருடைய எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக உடம்பைக் கொண்டுபோய், தோளை அவர் கழுத்தில் பதித்துக் கீழே அழுத்துங்கள். நீங்கள் சைடு கன்ட்ரோலுக்கு (பக்கவாட்டிலிருந்து நெஞ்சால் அழுத்தும் நிலைக்கு) வந்துவிட்டால் அவர் பிடி வெறும் பிடியாகவே நிற்கும். ஆனால் கார்டு முழுதாக மூடியிருந்து, மூச்சுக்குழாயில் அழுத்தம் தெரிந்தால் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டுவிடுங்கள். பயிற்சியில் கழுத்தை வைத்துப் பரீட்சை வேண்டாம்.

அவ்வளவு பெரிய இடுப்பைச் சுற்றிக் கை எட்டவில்லை என்றாலும் கவலைப்படாதீர்கள். ஒரு கையை அவர் ஒரு தொடைக்கு அடியிலும் இன்னொரு கையை மற்றத் தொடைக்கு மேலாகவும் விட்டு, தோளை அடிவயிற்றில் பதியுங்கள். ஓவர்-அண்டர் என்று சொல்கிறோமே, அதுதான். இங்கேயும் பிடிபடுவது இடுப்புதான். மெதுவான பாஸ் இது, எடை குறைந்தவர்களுக்கு மூச்சு வாங்கும். ஆனால் தோள் வயிற்றைவிட்டு அகலாத வரை பெரிய ஆளும் நகரத் திணறுவார்.

ஹீல் ஹூக் பயம் நியாயமான பயம். அதைக் கோழைத்தனமாக நினைக்க வேண்டாம். 2019-இல் அமெரிக்காவின் அனாஹைமில் நடந்த ஏடிசிசி என்ற உலகளாவிய நோ-கி போட்டியில் 77 கிலோ பிரிவு ஆளான லாக்லன் ஜைல்ஸ், எடைப் பிரிவு இல்லாத போட்டியில் தன்னைவிட மிகப் பெரியவர்கள் மூன்று பேரை ஹீல் ஹூக்கில் தட்ட வைத்து வெண்கலம் வாங்கினார். அந்த மூவரில் ஒருவர் கைனான் துவார்தே, அதே வருடம் 99 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் தங்கம் வென்றவர். அவர்களுக்கே நடக்கும் என்றால் கார்டுக்கு முன்னால் நிற்கும் எவருக்கும் நடக்கும்.

எங்கே நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் நிமிர்ந்து, இரண்டு பாதமும் இணையாக, அவர் கைக்கு எட்டும் தூரத்தில், ஒன்றும் செய்யாமல் நிற்கும்போதுதான் அவர் அடியில் புகுகிறார். அந்தத் தூரம் யாருக்கும் உரியதல்ல, அங்கே தங்கக் கூடாது. ஒன்று முழுதாக வெளியே இருங்கள், இல்லையென்றால் முழுதாக உள்ளே போய்விடுங்கள். பாடி லாக்கில் நெஞ்சு ஒட்டியிருக்கும்போது உங்கள் பாதங்கள் பின்னால் இருக்கின்றன, அவர் கை எட்டாது. நெருங்கி ஆடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மீறி உங்கள் காலைச் சுற்றி அவர் கால்கள் பின்னிவிட்டால் முதல் வேலை முழங்காலை அந்தப் பின்னலுக்கு வெளியே இழுப்பது. முழங்கால் வெளியே வந்துவிட்டால் குதிகாலைப் பிடித்திருந்தாலும் அவர் திருப்புகிற திருப்பு மூட்டுக்குப் போகாது. முழங்கால் உள்ளே மாட்டி, குதிகாலும் அவர் கையில் இருந்தால் உடனே தட்டுங்கள். ஹீல் ஹூக்கில் வலி தாமதமாகத்தான் வரும், வலிக்கிறது என்று தெரியும்போது லிகமென்ட் போயிருக்கலாம். அவர் திருப்பும் திசைக்கு எதிராக முறுக்கிக்கொண்டு எழப் பார்ப்பது இன்னும் மோசம். ரவுண்டு தொடங்கும் முன்பே அந்த நண்பரிடம் பேசுங்கள்: பிடி கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டும், திருப்பக் கூடாது. நல்ல கிளப்பில் இதைக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அப்படியானால் சுற்றி ஓடுவதை விட்டுவிடுவதா? இல்லை. உங்களிடம் இருக்கும் நல்ல ஆயுதம் அது. 2022-இல் லாஸ் வேகஸ் ஏடிசிசி-யில் 19 வயதில் 77 கிலோ தங்கம் வென்ற கேட் ருவோட்டோலோ எவ்வளவு வேகமாகப் பக்கம் மாறி மாறிப் பாய்வார் என்று பார்த்திருப்பீர்கள். கணுக்காலைப் பிடித்து இழுக்காமல் முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையால் தள்ளுங்கள், தள்ளியதும் கையை எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் ஓடினால் அவர் திரும்பி முழங்காலை உள்ளே விடுவார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அவர் அப்படித் திரும்பும்போது மறுபக்க அக்குள் திறக்கும். அங்கே அண்டர்ஹூக் எடுத்து ஹாஃப் கார்டில் இறங்குங்கள். இத்தனை நாள் உங்களைத் தோற்கடித்த அசைவுதான், இனி நீங்கள் காத்திருந்து வாங்கும் அசைவாக மாறும்.

பயிற்சிக்கு வருவோம். வீடியோவைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு நண்பரைக் கேட்டு, பாடி லாக் கோத்த நிலையிலிருந்தே தொடங்கும் ரவுண்டு மூன்று நிமிடம் ஆடுங்கள். நீங்கள் ஹாஃப் கார்டுக்கு வந்தாலோ, அவர் உங்கள் கைகளைப் பிரித்தாலோ மறுபடி முதலிலிருந்து. இன்னொரு ரவுண்டு ஹாஃப் கார்டு மேலிருந்து, அண்டர்ஹூக் யாருக்கும் இல்லாத நிலையில். முழு ரோலில் ஒரு மாலைக்கு இரண்டு தடவைகூட வராத இடம், இப்படி ஆடினால் பத்துப் பதினைந்து தடவை வரும். முதலில் உங்கள் எடைக்காரரோடு ஆடுங்கள், கை கோக்கும் உயரமும் தலை இருக்கும் இடமும் யோசிக்காமலே வர ஆரம்பித்த பிறகு அந்த 90 கிலோ நண்பரிடம் போங்கள்.

ஒரு விஷயம் இடையில். நெருங்கி ஆட ஆரம்பித்தால் முகமும் கழுத்தும் மற்றவர் வியர்வையில்தான் இருக்கும். நம் ஊர் வெக்கையில் படர்தாமரை ஒரு ஆளுக்கு வந்தால் கிளப்புக்கே வந்துவிடும். முழுக்கை ராஷ்கார்டு (உடம்போடு ஒட்டும் மேற்சட்டை) போடுங்கள், வகுப்பு முடிந்ததும் குளித்துவிடுங்கள், நகத்தை வெட்டுங்கள், தோலில் வட்டமாக ஏதாவது தெரிந்தால் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆறும் வரை பயிற்சிக்கு வராதீர்கள்.

போட்டிக்குத் தாராளமாகப் பெயர் கொடுங்கள். மூன்று மாதம் இந்த ஒரு வரிசைக்குப் போதும். ஆனால் எந்த விதியில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். ஐபிஜேஜேஎஃப் விதி என்றால் ப்ளூ பெல்ட்டில் ஹீல் ஹூக் கிடையாது. அங்கே 2021-இலிருந்து நோ-கி-யில் பிரவுன், பிளாக் பெல்ட் பெரியவர்களுக்கு மட்டும்தான் அதை அனுமதித்திருக்கிறார்கள். உங்கள் காலில் பிடிக்கக்கூடியது நேரான கணுக்கால் லாக் மட்டும், ஆகவே கொஞ்சம் துணிந்து நின்று ஆடலாம். ஏடிசிசி விதியைப் பின்பற்றும் போட்டி என்றால் ஆட்டத்தின் முதல் பாதியில் புள்ளியே கிடையாது என்று இருக்கும். அந்த நேரத்தில் பாஸ் செய்தும் 3 புள்ளி வராது, அவசரப்பட்டு மூச்சை விட்டுவிடாதீர்கள், ஹாஃப் கார்டில் அவரைக் களைப்படைய வையுங்கள். உள்ளூர்ப் போட்டிகள் சில இந்த விதிகளைக் கலந்து வைத்துக்கொள்கின்றன. அதனால் உங்கள் பிரிவில் ஹீல் ஹூக் உண்டா இல்லையா என்று நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் கட்டணத்தைக் கட்டுங்கள்.